விசாரிக்க ஆள் இருந்த காலம்

ஷாங்காயின் பழைய சந்து வீடுகளில் ஒரே சமையலறையில் ஐந்தாறு குடும்பங்கள் சமைத்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி பல்பு, தனி சுவிட்ச். யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் வீட்டில் உலை ஏறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்கும் இடத்துக்கும் சண்டை வரும். ஆனால் ஒரு மூதாட்டி இரண்டு வேளை சமைக்க வரவில்லை என்றால், யாராவது மாடியேறிக் கதவைத் தட்டிவிடுவார்கள்.

அந்தச் சந்துகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அங்கிருந்தவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். தனிச் சமையலறை, தனிக் குளியலறை, லிப்ட் என்று வசதிக்குக் குறைவில்லை. கதவைத் தட்டத்தான் ஆளில்லை.

இன்று எண்பதை எட்டும் சீனர்கள் சிறுவயதில் 1959-61 பஞ்சத்தைப் பார்த்தவர்கள். இளமையில் கலாசாரப் புரட்சியின் பத்தாண்டுகளைக் கடந்தவர்கள். 1990களின் பிற்பகுதியில் அரசு ஆலைகள் கோடிக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியபோது அவர்கள் ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள். ஆலை என்றால் சம்பளம் மட்டுமா? குடியிருப்பு, மருத்துவமனை, உணவுக்கூடம் எல்லாம் அதன் பொறுப்பு. வேலையோடு அந்தச் சுற்றமும் கலைந்தது.

அதற்காக அன்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், 'நரம்புத் தளர்ச்சி' என்று சிகிச்சை பெற்றுவந்த 100 பேரைப் பரிசோதித்தார். அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று உடம்பைச் சொல்லித்தான் அவர்கள் மருத்துவரிடம் வந்திருந்தார்கள். மனக்குறையை வாய்விட்டுச் சொன்னால் அரசியல் குற்றமாகிவிடும் என்ற பயத்தில் வாழ்ந்த தலைமுறை அது. ஆக, துயரம் அன்றும் இருந்தது. துயரப்பட்டவரைச் சுற்றி நாலு பேரும் இருந்தார்கள்.

அந்த நாலு பேர் எங்கே போனார்கள் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 1982-ல் சீனக் குடும்பம் ஒன்றில் சராசரியாக 4.41 பேர். 2020-ல் 2.62 பேர். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபது வயதை எட்டியவர்கள் 26 கோடிக்கும் மேல். 1980 முதல் 2015 வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கை, பல குடும்பங்களில் தாங்கும் தோள்களை ஒன்றாகக் குறைத்தது. அந்த ஒற்றைப் பிள்ளையையும் பறிகொடுத்தவர்களின் நிலையை நினைக்கவே மனம் பதறுகிறது. 2008 மே 12 வென்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து அப்படிப் பிள்ளையை இழந்த பெற்றோர் பலர்.

கிராமத்தில் கதை வேறு. மகனும் மருமகளும் குவாங்டோங் மாகாண ஆலைக்குப் போய்விட, பேரக்குழந்தைகளை வளர்ப்பது தாத்தா பாட்டிதான். பணம் வருகிறது, வீடியோ அழைப்பும் வருகிறது. மனைவியை இழந்த பெரியவர் அந்தத் திரையில் தெரியும் மகனிடம் "நான் நன்றாக இருக்கிறேன், உன் வேலையைப் பார்" என்பார். அழைப்பு முடிந்ததும் அந்த வீட்டில் பேச யாருமில்லை. 'விழுந்தால் பிடிக்க ஆள் உண்டு' என்ற நம்பிக்கை, கையில் வரும் உதவியைவிட மனத்தை அதிகம் காக்கிறது என்று ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. மாதாமாதம் வரும் பணத்தால் மட்டும் அந்த நம்பிக்கை வந்துவிடாது.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2009-ல் கிராமத்து முதியோருக்கு மாதம் குறைந்தது 55 யுவான் என்று ஓய்வூதியம் தொடங்கியது. 2013 ஜூலை 1 முதல், தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்பது சட்டம். அன்றே வூசி நகர நீதிமன்றம், 77 வயதுத் தாயை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவர வேண்டும் என்று ஒரு மகளுக்கு உத்தரவிட்டது. அந்தத் தாய் நீதிமன்றப் படியேறும்போது எவ்வளவு கூனிக் குறுகியிருப்பார்! இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மகளின் வருகையை மட்டும் நம்பி ஒரு முதுமையை விட்டுவிட முடியாது.

மாலையில் சதுக்கங்களில் கூட்டமாக நடனமாடும் பெண்களைப் பார்த்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பழைய சமையலறை செய்த வேலையில் பாதியை அந்தச் சதுக்கம் செய்கிறது. நேற்று வராதவளை இன்று ஏனென்று கேட்பார்கள். ஆனால் மூட்டுவலியால் மாடியிறங்க முடியாதவருக்கும், கணவனைப் பறிகொடுத்து வெளியே வரவே மனமில்லாதவருக்கும் அது எட்டாது. ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான்.

2020 செப்டம்பரில் சீன சுகாதாரத் துறை மனச்சோர்வு தடுப்புத் திட்டத்தில் முதியோரைக் குறிப்பிட்டுச் சேர்த்தது. அறுபத்தைந்தும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனையும் உண்டு. அந்தப் படிவத்தில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல மனநிலைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. கிராமத்து மருத்துவர் மனைவியை இழந்த அந்தப் பெரியவரின் எதிரே உட்கார்ந்து, துணை போனபின் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.