திறந்து பார்க்கும் உரிமை

பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று நின்றுவிட்டால் நம் முன்னோர் அதன் பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பர். பற்சக்கரம் தெரியும், சுருள்வில் தெரியும், எது எதைத் தள்ளுகின்றது என்பது கண்ணுக்கே புலப்படும். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி நின்றுவிட்டால் என்ன செய்கின்றோம்? அதன் மூடி ஒட்டப்பட்டிருக்கின்றது. உள்ளே இருப்பவற்றின் வரைபடம் நமக்குத் தரப்படுவதில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருள்தான்; ஆயினும், அது முழுவதும் நமக்கு உரியதாகிவிட்டதா? இந்த வினாவுக்கு எனக்கு விடை கற்பித்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும் நீல நிறப் பலகை ஒன்று. அதன் பெயர் ஆர்டுயினோ.

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், இவ்ரேயா என்னும் சிறு நகரம் இருக்கின்றது. 1908இல் ஒலிவெட்டி தட்டச்சுப்பொறித் தொழிற்சாலை அங்கேதான் தோன்றியது. பிற்காலத்தில் அந்நகரில் வடிவமைப்புக் கலையைக் கற்பிக்கும் கல்விக்கூடம் ஒன்று நடந்துவந்தது. அங்குப் பயின்றவர்களுள் பலர் மின்னணுவியல் படித்தவர் அல்லர். கைதட்டினால் எரியும் விளக்கு, தொட்டால் பாடும் பொம்மை போன்றவற்றைச் செய்து பார்க்க அவர்கள் விரும்பினர். ஆனால் அதற்கு வேண்டிய கருவிகள் மாணவர் கைக்கு எட்டாத விலையில் இருந்தன.

இக்குறையைப் போக்க, கொலம்பியா நாட்டிலிருந்து வந்து பயின்ற எர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர், 2003இல் தம் பட்ட ஆய்வாக ‘வயரிங்’ என்னும் பலகையையும் அதற்குரிய எளிய நிரல்முறையையும் அமைக்கத் தொடங்கினார். அந்த அடித்தளத்தின்மீது, 2005இல், அங்கு ஆசிரியராக இருந்த மாசிமோ பான்சியும் அவருடைய தோழர்களும் இன்னும் மலிவான பலகை ஒன்றைச் செய்தனர். ஆர்டுயினோ என்ற பெயரை, அவ்வூரில் அவர்கள் கூடிப் பேசிய மதுச்சாலையிலிருந்து எடுத்துக்கொண்டனர். அம்மதுச்சாலையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியை ஆண்ட ஆர்டுயின் மன்னரின் பெயரைத் தாங்கியது.

அந்த வேளையில் கல்விக்கூடமே பொருளின்றி மூடப்படும் நிலைக்கு வந்தது. கூடம் மூடப்பட்டால் உழைப்பின் பயன் என்ன ஆகும்? பூட்டிய அலமாரியில் உறங்கும். அல்லது யாரேனும் ஒருவர் அதைத் தமதென்று சொல்லிக்கொள்வர். எனவே அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். மின்சுற்று வரைபடம், பலகையின் அமைப்பு, நிரல் ஆகியவற்றை உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டனர். எவரும் படிக்கலாம், செய்யலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியவர் தம் மாற்றத்தையும் அவ்வாறே திறந்து வைக்க வேண்டும். பெயரை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டனர். கூடம் மறைந்தது, பலகை பிழைத்தது. இன்று அதே அமைப்பில் பலர் செய்த பலகைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆனால், பர்ரகானின் பங்கு நெடுங்காலம் போதிய அளவு பேசப்படவில்லை. திறந்த பொருளை எடுத்துக்கொள்வோர் அதை யாரிடமிருந்து பெற்றோம் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர் அன்றோ?

திறந்திருப்பதால் நமக்கு ஆவது என்ன? என் அனுபவத்தையே சொல்கின்றேன். நான் வாங்கியது ‘ஊனோ’ என்னும் வகை. அதன் நடுவே 28 கால்களையுடைய சில்லு ஒன்று தாங்கியில் செருகப்பட்டிருக்கும். 32 கிலோபைட் நிரலை அது ஏற்கும். நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகளில் இயங்கும். ஒருநாள் பொம்மை மோட்டார் ஒன்றை அதன் 9ஆம் முனையில் நேராக இணைத்தேன். மோட்டார் ஒருமுறை துள்ளி நின்றது. அதன்பின் பலகையிலுள்ள சிறுவிளக்கு கண் சிமிட்டியது. ஆனால் 9ஆம் முனை மட்டும் உயிரற்றுப் போயிற்று.

வேறு பொருளாயின் குப்பையில் எறிந்திருப்பேன். இங்கோ வரைபடம் இருந்தது. அதில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். 9ஆம் முனையிலிருந்து கிளம்பும் கோடு, இடையில் வேறெதையும் தொடாமல் சில்லின் 15ஆம் காலை அடைந்தது. சில்லின் குறிப்பேடோ, ஒரு காலின் வழியே 40 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் செல்லலாகாது என்றது. மோட்டார் கிளம்பும்போது கேட்பதோ அதைப்போலப் பல மடங்கு. பிழை என்னுடையதே. ஒரு டிரான்சிஸ்டரை இடையில் வைத்துப் பளுவை அதன்மீது ஏற்றியிருக்க வேண்டும். மோட்டார் நிற்கும்போது எதிர்த்தெழும் மின்னழுத்தத்தைத் தாங்க ஒரு டயோடும் சேர்த்திருக்க வேண்டும்.

பழைய சில்லை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன். புதிய சில்லுக்கு நிரலை ஏற்றுக்கொள்ளத் தெரியாது. முதலில் அதற்கு ஒரு தொடக்க நிரலை ஊட்ட வேண்டும். நண்பர் ஒருவரின் பலகையை ஆறு கம்பிகளால் என் பலகையோடு பிணைத்தேன். அதுவே ஆசிரியராகி என் சில்லுக்கு அரிச்சுவடி கற்பித்தது. மோட்டார் மறுபடி சுழன்றபோது, அப்பலகை அன்றுதான் எனக்கு உரிமையாயிற்று என்று உணர்ந்தேன்.

மலிவு வேறு, திறப்பு வேறு என்பதையும் மாணவர் மறக்கலாகாது. 2012இல் 35 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை மிகப் பயனுள்ள சிறு கணிப்பொறியே. ஆயினும் அது திறந்த வன்பொருள் அன்று. ஆர்டுயினோவிலும் பலகைதான் திறந்தது. ஊனோவின் சில்லினுள் அமைந்த சுற்று மூடியதே. அந்தக் கடைசிப் பூட்டையும் தளர்த்தும் முயற்சி 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்ற பெயரில் தொடங்கியது. சில்லுக்குக் கட்டளையிடும் மொழியை அவர்கள் எல்லார்க்கும் பொதுவாக்கினர். அம்மொழியைக் கொண்டே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் ‘சக்தி’ என்னும் செயலிகளை வடிவமைத்து, அந்த வடிவமைப்பையும் திறந்து வைத்துள்ளனர்.

மாணவ நண்பர்களே, ஒரு பலகையை வாங்குங்கள்; இயலாவிடின் நால்வர் சேர்ந்து வாங்குங்கள். 5 வோல்ட்டில் விளையாடுங்கள். வீட்டு மின்சாரத்தை மட்டும் தீண்டாதீர்கள். ஒரு சில்லைக் கெடுத்துவிட்டால் வருந்த வேண்டா. வரைபடத்தை விரித்து, ஏன் கெட்டது என்று கண்டுபிடியுங்கள். விலைச்சீட்டு ஒரு பொருளை நம் வீட்டிற்குக் கொண்டுவரும். அறிவே அதை நம்முடையதாக்கும்.