ஆளுக்கு 60 பாயிண்ட்... 2 பேரும் சமமா? கூடைப்பந்தில் குறி தவறாத வீரரை கண்டுபிடிப்பது எப்படி?

கூடைப்பந்து போட்டி முடிந்ததும் முதலில் வரும் கேள்வி, "யாரு அதிக பாயிண்ட் எடுத்தது?" என்பதுதான். கைதட்டலும் பரிசும் அவருக்கே. அணித் தேர்விலும் அவர் பெயர்தான் அடிபடும். ஆனால் அதற்காக அவர் எத்தனை பந்தை வீணாக்கினார்? இதை பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஒரே ஆண்டு, ஒரே ஸ்கோர்

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் 2016-ம் ஆண்டு நடந்த 2 ஆட்டங்களே இதற்கு உதாரணம். ஏப்ரல் 13-ந்தேதி லேக்கர்ஸ் வீரர் கோபி பிரையன்ட் (2020-ல் மறைந்தவர்) தனது கடைசி ஆட்டத்தில் 60 பாயிண்ட் குவித்தார். டிசம்பர் 5-ந்தேதி கோல்டன் ஸ்டேட் வீரர் கிளே தாம்சனும் அதே 60 பாயிண்ட் விளாசினார்.

கோபி 50 தடவை எறிந்து 22 கூடை போட்டார். தாம்சன் எறிந்தது 33 தான். அதில் 21 உள்ளே! சதவீதத்தில் சொன்னால் கோபி 44, தாம்சன் 64.

3 பாயிண்டுக்கு ஒன்றரை

இந்த கணக்கிலும் ஓட்டை உண்டு. கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் 3 பாயிண்ட். 2 பாயிண்ட் ஷாட்டில் 10-க்கு 5 போட்டால் 10 பாயிண்ட். 3 பாயிண்ட் ஷாட்டில் 10-க்கு 4 போட்டாலே 12 கிடைக்கும். சதவீதம் குறைவு, லாபம் அதிகம்!

அதனால் ஒவ்வொரு 3 பாயிண்ட் கூடையையும் ஒன்றரை கூடையாக எண்ணுகிறார்கள். கோபி போட்டது 6, தாம்சன் 8. இப்போது கோபி 50 சதவீதம், தாம்சன் 76 சதவீதம்.

பிரீ த்ரோவும் சேரணும்

எதிரணி பவுல் செய்தால் கிடைக்கும் பிரீ த்ரோ இதில் வராது. அதையும் சேர்க்க இன்னொரு கணக்கு இருக்கிறது. பிரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கி, எறிந்த ஷாட்டுகளோடு கூட்ட வேண்டும். அதை இரட்டிப்பாக்கி, எடுத்த பாயிண்டை அதனால் வகுத்தால் விடை. பிரீ த்ரோ பெரும்பாலும் ஜோடியாக வரும், சில நேரம் கூடை போட்ட பிறகு ஒன்று மட்டும் கிடைக்கும். அதனால்தான் பாதியைவிட சற்று குறைவாக 0.44.

கோபிக்கு 12 பிரீ த்ரோ, தாம்சனுக்கு 11. விடை: கோபி 54, தாம்சன் 79.

இதை மட்டும் வைத்து ஆளை எடை போடவும் கூடாது. அன்றைக்கு 37 வயது கோபிக்குத்தான் சக வீரர்கள் பந்தை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். லேக்கர்ஸ் 101-96 என்று ஜெயித்தது.

பயிற்சியாளர்கள் கவனத்துக்கு

பள்ளிக்கூட அணிக்கும் இது பொருந்தும். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வெறும் 2 பாயிண்ட் ஷாட்டிலேயே ஒரு பையன் 25 தடவை எறிந்து 20 பாயிண்ட் எடுக்கிறான். இன்னொருவன் 9 தடவை எறிந்து 14 எடுக்கிறான். முதல் பையன் கூடுதல் 6 பாயிண்டுக்கு 16 ஷாட்டை செலவழித்திருக்கிறான். தவறிய பந்து பெரும்பாலும் எதிரணி கைக்குத்தான் போகும். பட்டியலில் விட்டுப்போவது எப்போதும் அந்த 2-வது பையன்தான்.