காவிரிக் கரையிலே – 12: வெற்றிடம் வார்க்கும் படகு

பென்னாகரத்திலிருந்து மலைச்சரிவில் இறங்கி ஒகேனக்கல்லை அடைகிற யாத்திரிகர்கள் அருவியைக் கண்டு அதிசயிப்பதும், எண்ணெய் தேய்த்து நீராடுவதும், பரிசலேறிப் பாறை இடுக்குகளிடையே சுற்றி வருவதும் சகஜம். ஆனால் தாங்கள் ஏறி உட்கார்ந்த அந்த வட்டக் கலம் எவ்விதம் நிர்மாணமாயிற்று என்று கேட்டறிகிறவர்கள் அபூர்வம். சென்ற வாரம் பரிசல் ஓட்டிகளைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் பரிசல் கட்டுகிறவர்களைப் பற்றியும், அவர்கள் தொழிலுக்கு நெருங்கிய உறவுடையதாய், உலகத்தின் பெரிய படகுத் துறைகளில் பரவி வேரூன்றிவிட்ட ஒரு முறையைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

மூங்கிலைப் பிளந்து, கணுக்களைச் சீவி, பிளாச்சுகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிப் பின்னி, நடுவில் பாரத்தை ஏற்றி, ஓரங்களை மேல்நோக்கி வளைத்து, விளிம்பைச் சுற்றிலும் முறுக்கிக் கட்டிவிட்டால் கூடு தயார். முற்காலத்தில் அதன்மேல் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். பிற்பாடு பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டித் தார் பூசுவது வழக்கமாயிற்று. பாறையில் உரசித் தார் உதிர்ந்தால் கரையிலேயே கவிழ்த்துப் போட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். பாரத்தைத் தாங்குவது மூங்கில் நார். நீரைத் தடுப்பது மேற்பூச்சு. இரு வேறு பொருள்கள் தத்தம் குணத்தைக் கொடுத்து மூன்றாவதொன்றை உண்டாக்குகிற இந்தத் தத்துவந்தான், கண்ணாடி இழையையும் ரெசின் என்னும் பிசினையும் சேர்த்துக் கட்டுகிற ஃபைபர் படகுக்கும் ஆதாரம்.

1942-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் ரே கிரீன் என்பவர் அத்தகைய படகைக் கட்டினார். நம்முடைய கடற்கரையில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கரையேறும் ஃபைபர் படகுகளைப் பரீட்சித்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிய ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த பல இடங்களை ஃபைபர் படகுகள் நிரப்பின. உள்நாட்டு மீனவர்களுக்கு அரசு மானியத்தில் ஃபைபர் பரிசல் கிடைக்கத் தொடங்கியதும் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் இந்தப் பக்கத்துக் கரைகளுக்கும் அது புதியதன்று.

மூங்கில் பரிசலைக் கட்டுகிறவனுக்குக் கையில் சிராய் ஏறும், முதுகு வலிக்கும்; தார் பூசுகிற நேரம் நீங்கலாக, மூச்சுக்குத் தீங்கில்லை. ஃபைபர் படகு கட்டுகிறவன் நிலைமை வேறு. அச்சின் உட்புறம் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்னும் புறப்பூச்சைப் பூசி, மேட் என்னும் கண்ணாடி இழை விரிப்பைப் பரப்பி, ரெசினில் அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரைக் கலந்து ஊற்றிப் பிரஷ்ஷால் தடவி, ரோலரால் அழுத்தி அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும்; அவ்வளவு நேரமும் அவன் அச்சுக்குள் குனிந்து நிற்கிறான். சாதாரண பாலியெஸ்டர் ரெசினின் எடையில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக ஸ்டைரீன் என்னும் திரவம் இருக்கிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி தலைவலியையும் கண்ணெரிச்சலையும் கிறக்கத்தையும் உண்டாக்கும்; உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2018-ல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் இரண்டாம் படியில் வைத்தது. ஒரு கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்கள் நம் கரையோரமெங்கும் இருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசாமல் படகின் வேகத்தையும் விலையையும் மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆரம்பத்தில் நான் குறிப்பிட்ட முறை, அதாவது வெற்றிட முறை, இந்த இடத்தில்தான் பிரவேசிக்கிறது. அச்சில் கண்ணாடி இழைத் துணிகளை ரெசின் படாமல் உலர்ந்தபடியே அடுக்கிவிடுகிறார்கள். துணியை நறுக்கவும், மடிப்பு விழாமல் நீவவும், மூலைகளில் பொருத்தவும் வேண்டிய அவகாசம் உண்டு, ஏனெனில் கெட்டியாகிக்கொண்டிருக்கிற ரெசின் யாரையும் விரட்டுவதில்லை. அதன்மேல் பிற்பாடு உரித்தெடுப்பதற்கான ஒரு துணி, ரெசின் ஓடுவதற்கான வலை, குழாய்கள், எல்லாவற்றையும் மூடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. உறையின் ஓரத்தை ஒட்டுப்பசை நாடாவால் அச்சோடு ஒட்டி, பம்பை ஓட்டிக் காற்றை உறிஞ்சிவிடுகிறார்கள். பிறகு பம்பின் வழியை அடைத்துவிட்டு, அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஓரம் முழுவதும் காதை வைத்து, ஊசி முனை அளவு துவாரத்தில் காற்று சீறுகிற ஓசையைத் தேடி அடைக்க வேண்டும்.

கசிவு நின்ற பின்னரே ரெசின் குழாய் திறக்கப்படுகிறது. இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சும்போது நம் வாய் இழுப்பதாகத் தோன்றினாலும் வெளிக்காற்றே நீரை மேலே தள்ளுகிறது அல்லவா, அதே நியாயந்தான் இங்கும். வெண்மையாய்க் கிடந்த துணி, ரெசின் வந்து தொட்ட கோட்டிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்துகொண்டே போவதும், அந்தக் கோடு முதலில் விரைவாகவும், தூரம் கூடக்கூட மெதுவாகவும் நகர்வதும் கண்கொள்ளாக் காட்சி. இந்த வேகத்தை 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி மணலில் நீர் ஊறுவதைக் கொண்டு கண்ட விதியால் முன்கூட்டியே கணக்கிடலாம். அவ்வளவு நேரமும் வளிமண்டலம் சதுர மீட்டருக்கு 10 டன் வீதம் உறையின்மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. தருமபுரி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 460 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அதில் 20-ல் ஒரு பங்கு குறையும். ஆயினும் 4 சதுர மீட்டர் அடிப்பரப்புள்ள ஒரு பரிசலின்மேல் கிட்டத்தட்ட 38 டன் பாரம் சமமாக விழும். எந்த ரோலரால் இப்படி அழுத்த முடியும்? கையால் பூசிய மேட்டில் கண்ணாடியின் பங்கு எடையில் 30 சதவிகிதம் அளவில் நின்றுவிட, இம்முறையில் அது 60 சதவிகிதத்துக்கு மேல் போகிறது. ரெசின் குறைவதால் எடை குறைகிறது, பலம் கூடுகிறது. ஜெல்கோட் பூசுகிற நேரம் நீங்கலாக, நெடி பெரும்பாலும் உறைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இந்த எண்ணம் பழையது. 1950-லேயே அமெரிக்காவில் இதற்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. 1990-ல் ஸீமன் என்பவர் பெற்ற காப்புரிமைக்குப் பிறகு அது பெரிய கலங்களுக்கும் ஏற்றதாயிற்று. ஸ்வீடன் தேசத்தின் 73 மீட்டர் நீளமான விஸ்பி போர்க்கப்பலின் உடல் இவ்விதம் உருவானதே. 2017-ல் விசாகப்பட்டினத்தில் நம் கடற்படையில் சேர்ந்த கில்தான் கப்பலின் மேற்கட்டு எஃகாலன்றிக் கார்பன் இழையால் ஆனது. அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூர்ச் சாலையில் தருமபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் தயங்கித் தயங்கி இறங்குகிற நீண்ட லாரிகளின்மேல் இருக்கும் காற்றாலை இறகுகளும் பெரும்பாலும் இந்த முறையில் வார்க்கப்பட்டவைதாம்.

இதற்கு இடையூறு இல்லாமல் இல்லை. உறை, வலை, குழாய், நாடா ஆகிய எல்லாம் ஒரே உபயோகத்தோடு குப்பைக்குப் போவதால் செலவு கூடும். அந்தக் குப்பையும் ஒரு கவலையே. கையால் பூசுகிறவன் ஓர் அடுக்கில் நேர்ந்த பிழையை அடுத்த அடுக்கில் சரிசெய்துகொள்வான். இங்கோ நடுவில் காற்றுப் புகுந்தால் முழுப் படகும் வீண். சித்திரை வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் விடியற்காலையில் ஆரம்பிப்பது உத்தமம். மின்சாரமும் நடுவில் நின்றுவிடலாகாது. இத்தனையும் அப்பியாசத்தினால் வசமாகக்கூடியவை என்பது என் அபிப்பிராயம். ஆனால் மூலதனம் குறைந்த சிறு பட்டறைக்காரர் முதல் நஷ்டத்தைத் தனியே ஏற்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆழமற்ற கிண்ணம் போன்ற வடிவமும் சிறிய பரப்பும் உடைய பரிசல், இம்முறையைப் பழகுவதற்கு மிகவும் இசைவான கலம். தருமபுரியை அடுத்த செட்டிக்கரையில் 2013 முதல் ஓர் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஒகேனக்கல்லிலும் நாகமரையிலும் நீரின் போக்கையும் பாறையின் குணத்தையும் அறிந்த பரிசல்காரர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பம்பையும் ஓர் அச்சையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகட்டும். மீன்வளத் துறை முதல் சில பரிசல்களின் செலவை ஏற்றுக்கொள்ளட்டும். ஃபைபர் பரிசலுக்கு மானியம் வழங்கும்போது, அதைக் கட்டியவருக்கு முகமூடியும் காற்றோட்டமும் இருந்தனவா என்று ஒரு கேள்வியையும் அதிகாரிகள் சேர்த்துக்கொள்ளட்டும்.

(அடுத்த வாரம்: நாகமரைத் துறை)