நீலப் பெட்டி சொல்லும் பொய்

திருச்சி உறையூர்ச் சுருட்டுக்கு வேஷம் எதுவும் தேவைப்படவில்லை. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையைக் கொண்டு சுற்றிய அந்தச் சுருட்டு, வெள்ளைக்காரர் காலத்தில் ‘ட்ரிச்சினோபோலி’ என்ற பெயரில் கப்பலேறியது. 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே, தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்து, கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிபவர் கண்டுபிடித்துவிடுகிறார். ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் இடுப்பில் செருகிய பொடி மட்டையும் அப்படித்தான். வாழைச் சருகில் மடித்த மூக்குப்பொடி, அவ்வளவே. சுருட்டும் பொடியும் நல்லவை என்று சொல்லவரவில்லை. இரண்டும் கெடுதல்தான். ஆனால் அந்தச் சருகு யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

இன்றைய சிகரெட் பெட்டி ஆறுதல் சொல்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பெட்டிக்கடைகளிலோ அம்மா மண்டபம் சாலையிலோ ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அடர்சிவப்பு என்றால் ‘ஸ்ட்ராங்’, நீலமும் வெள்ளையும் என்றால் ‘லைட்ஸ்’, பச்சை என்றால் புதினாக் குளிர்ச்சி. இதை யாரும் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுக்கவில்லை, நிறமே சொல்லிவிடுகிறது. ‘நெஞ்சு எரியுது, அதான் லைட்ஸுக்கு மாறிட்டேன்’ என்பவர் விட்டுவிட வேண்டிய நேரத்தில் நிறம் மாற்றியிருக்கிறார். கம்பெனிக்கு வாடிக்கை போகவில்லை.

‘லைட்’, ‘மைல்ட்’, ‘குறைந்த தார்’ போன்ற சொற்களைப் பெட்டியில் போடக் கூடாது என்று 2008ஆம் ஆண்டு விதிகள் தடுத்துவிட்டன. அந்த எண்ணத்தைத் தரும் படங்களும் கூடாது. அதற்குப் பிறகும் கடையில் ‘லைட்ஸ்’ என்ற பேச்சு ஏன் சாகவில்லை? அமெரிக்காவைப் பார்த்தால் விளங்கும். அங்கே 2010 ஜூனில் இந்தச் சொற்களுக்குத் தடை வந்ததும், ‘மார்ல்பரோ லைட்ஸ்’ ‘மார்ல்பரோ கோல்டு’ ஆனது. புகைப்பவர்களுக்குக் குழப்பமே இல்லை. பழைய பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.

‘லேசான’ சிகரெட்டின் சூட்சுமம் அதன் வடிகட்டியில் இருக்கிறது. வாய் வைக்கும் முனைக்குச் சற்று முன்னால், கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகள். புகையை அளக்கும் இயந்திரம் இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று கலந்து, தார் குறைவாகக் கணக்காகும். மனிதர் இழுக்கும்போது விரலோ உதடோ துளைகளை மூடிவிடும். மூடாவிட்டாலும், நிக்கோட்டின் பழகிய உடம்பு ஆழமாக இழுத்துத் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். இந்த ‘லேசான’ சிகரெட்டுகளால் உடல்நலத்துக்குப் பயன் இல்லை என்பது கம்பெனிகளுக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்தே ஏமாற்றினார்கள் என்று அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006இல் தீர்ப்பெழுதினார். புதினா இன்னும் சாமர்த்தியம். தொண்டையின் எரிச்சலை மறைக்கிறது. எரிச்சல் இல்லாததால் கெடுதலும் இல்லை என்று தோன்றுகிறது. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான வாசல் வேறில்லை.

நம் நாட்டுச் சட்டம் சும்மா இருந்ததென்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது முட்டி மோதிக் கொண்டுவர முயன்ற எச்சரிக்கைப் படங்கள், 2009 மே 31 முதல் பெட்டிகளில் வந்தன. மெல்லும் புகையிலைக்குத் தேளும், சிகரெட்டுக்கு நுரையீரலும். தேளைப் பார்த்து எத்தனை பேர் புற்றுநோயை நினைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். பிறகு வந்த ஒரு படத்தில் இருந்தவர் இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜான் டெர்ரி மாதிரியே இருக்கிறார் என்று 2012இல் ஒரு சர்ச்சையும் எழுந்தது. 2016 ஏப்ரலில் இருந்து, பெட்டியின் இரு முகங்களிலும் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்கே. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்ய, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

இவ்வளவு போராடி வென்ற படத்தைத் திருச்சியில் பார்ப்பது யார்? பெரும்பாலும் கடைக்காரர்தான். வாங்குபவர் ஒன்றோ இரண்டோ உதிரியாகக் கேட்கிறார். பெட்டி கடையிலேயே தங்கிவிடுகிறது. அழுகிய தொண்டையின் படம் அவர் கைக்கு வருவதில்லை. வெள்ளைத் தாள், தங்கநிற வளையம், சுத்தமான வடிகட்டி, இவைதான் வருகின்றன. நிறத்தை மட்டும் அலமாரியில் பார்த்துக் கேட்டிருப்பார். ஆக, பெட்டியின் பொய் அவருக்குக் கிடைத்துவிடுகிறது, உண்மை மட்டும் கடையில் நின்றுவிடுகிறது.

ஆஸ்திரேலியா 2012 டிசம்பரிலேயே எல்லா பிராண்டுக்கும் ஒரே மங்கிய பழுப்பு நிறத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. பெயர்கூட ஒரே எழுத்துருவில்தான். மகாராஷ்டிரம் 2020இல் உதிரி விற்பனையைத் தடுத்தது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் இங்கே போதாது. நிறத்தைப் பறிக்க வேண்டும், உதிரியையும் நிறுத்த வேண்டும். பெட்டிக்கடைக்காரரின் வயிற்றுப்பாடு என்ற கேள்வி வரும்; அதற்கு அரசு பதில் தேட வேண்டியதும் நியாயம்தான். அதற்காக நீலப் பெட்டியைக் காப்பாற்ற முடியாது.

2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் இலவச எண் அச்சாகிறது: 1800-11-2356. விட நினைப்பவர்களுக்கு உதவும் அரசு எண். உதிரியாக வாங்குபவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே தருகிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.