குழந்தைக்குத் தலை நிற்கவில்லையா? நாளைக் கடத்தாதீர்கள்!



நாலு மாசம் ஆகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை என்றால் நம் ஊரில் என்ன சொல்கிறார்கள்? "அவங்க அப்பனுக்கும் லேட்டாத்தான் நின்னுச்சு, தானா சரியாயிடும்" என்பார்கள். சிலர் "உரம் விழுந்திருக்கு" என்று சொல்லி, புடவையில் போட்டு உருட்டச் சொல்வார்கள். வலுவில்லாத கழுத்தை உருட்டுவதும் குலுக்குவதும் ஆபத்து. சும்மா காத்திருப்பதும் நல்லதல்ல.

எந்த மாசத்தில் தலை நிற்கணும்?

2 மாசத்தில், குப்புறப் போட்டால் குழந்தை தலையைக் கொஞ்சம் தூக்கும். 4 மாசம் முடியும்போது, தூக்கி வைத்தால் தலை ஆடாமல் நிற்கணும். குறைமாசத்தில் பிறந்த குழந்தைக்கு, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து மாசத்தை எண்ணுங்கள்.

ஏன் தாமதமாகிறது?

குறைமாசப் பிறப்பு, பிறந்ததும் மூச்சுத் திணறல், மூளை அல்லது தசையில் குறை, தைராய்டு குறைவு என்று காரணங்கள் பல. தைராய்டு குறைவு போன்றவற்றுக்கு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன். அதனால் முதலில் டாக்டர் பார்க்கணும், பிறகுதான் பயிற்சி. தாய் செய்த பாவம், கிரகண தோஷம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் செய்யும் பயிற்சி

பிசியோதெரபி என்றால் பெரிய மிஷின் என்று பயப்பட வேண்டாம். கழுத்துக்கு அளவாக வேலை கொடுப்பதுதான் அது. பயிற்சியாளர் காட்டித் தந்தபடி வீட்டில் செய்யலாம்.

1. அம்மா சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மார்பின் மேல் குப்புறப் படுக்க வைத்துப் பேசணும். முகம் பார்க்கத் தலையைத் தூக்கும்.

2. பாயில் குப்புறப் போட்டு, துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில் வைக்கணும். கைகள் துண்டுக்கு முன்னால் இருக்கணும். கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டலாம்.

3. முதலில் ஓரிரு நிமிஷம், ஒரு நாளைக்குப் பலமுறை. அழுதால் நிறுத்தி, பிறகு தொடரலாம்.

பால் குடித்த உடனே செய்யக் கூடாது. குப்புறப் போட்டுவிட்டு நகரவே கூடாது. தூங்கிவிட்டால் மல்லாத்திப் படுக்க வைக்கணும். கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பது, தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைப்பது, நாள் முழுக்கத் தூளியிலேயே போடுவது வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

வலிப்பு வந்தால், பால் குடிக்கத் திணறினால், உடம்பு திடீரென்று துவண்டால், நின்ற தலை மறுபடி தொங்கினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

எங்கே கேட்பது?

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாசத் தடுப்பூசிக்குப் போகும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

குழு என்ன செய்யலாம்?

பலர் பாதியில் பயிற்சியை விடுவது பஸ் செலவுக்கும், ஒரு நாள் கூலி போவதற்கும் பயந்துதான். குழுவின் உள்கடனில் பஸ் செலவுக்குக் கொடுக்கலாம். பயிற்சிக்குப் போகும் நாளில் மூத்த பிள்ளையை இன்னொரு உறுப்பினர் பார்த்துக்கொள்ளலாம். கழுத்து நின்றால்தான் குழந்தை உட்காரும், கைநீட்டி எடுக்கும், சாப்பிடும். அடுத்த கூட்டத்தில், கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு உறுப்பினரிடமும் கேளுங்கள்: "குழந்தைக்குத் தலை நின்னுடுச்சா?"