இரண்டு பட்டியல்கள்

ஊர்ப்பணி ஒன்றைத் தொடங்கும்போது இரண்டு பட்டியல்கள் எழுதுவது வழக்கம். தொண்டு செய்ய முன்வருவோரின் பெயர்கள் ஒன்றில் இடம்பெறும்; உதவி வேண்டுவோரின் பெயர்கள் மற்றொன்றில் இடம்பெறும். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் வழங்காதவர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பட்டியலில் இருக்கும் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்களுள் ஒருவருடைய பெயர் இரண்டிலுமே இருக்கலாமே என்ற எண்ணம், எழுதுகோலைப் பிடித்திருப்பவருக்குத் தோன்றுவது அரிது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கேரள மாநிலத்தில் மட்டும் 7 இலட்சத்து 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுத் திறனாளிகள் இருந்தனர். அத்தனை பேரும் பெறுவோராகவே பிறந்தவர்கள் என்று கருதுவது எவ்வளவு பெரிய விரயம்!

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டை எடுத்துக்கொள்வோம். ஏலக்காய்க்குப் பெயர்போன இம்மலையூரில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. தேனி மாவட்டத்துக் கம்பம் பகுதியிலிருந்து ஜீப்பு ஏறி, மலைப்பாதை வழியாகத் தோட்ட வேலைக்கு வந்து திரும்புவோரும் பலர். சரிவான நிலத்தில் செடிக்குச் செடி குனிந்தும் குந்தியும் காய் எடுக்கவேண்டும். ஆதலின் இங்கே ஓர் ஆளின் மதிப்பைக் காலின் உறுதியைக் கொண்டு அளப்பது இயல்பாகிவிட்டது. ஆயினும் அதே காய் உலர்ந்த பின்னர், அதைத் தரம் பிரிப்பது உட்கார்ந்தபடியே கண்ணும் விரலும் செய்யும் வேலையன்றோ? ஒரே தொழிலுக்குள் பலவகை வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஊர்ப்பணியும் அத்தகையதே. சுமை தூக்குவதும் மேடேறுவதும் மட்டுமே தொண்டு என்று நாம்தாம் குறுக்கி வைத்திருக்கிறோம்.

கேரளத்திலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. எழுத்தறிவு இயக்கம் அம்மாநிலமெங்கும் பரவிக்கொண்டிருந்த 1990-ஆம் ஆண்டில், மலப்புறம் மாவட்டத்துத் திரூரங்காடியை அடுத்த வெள்ளிலைக்காடு என்னும் சிற்றூரில் கே. வி. ராபியா என்ற பெண்மணி ஒரு வகுப்பைத் தொடங்கினார். இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர் அவர். வகுப்பு நடந்தது அவருடைய வீட்டிலேயே. வயதில் மூத்தவர்கள் பலரும் அங்கே வந்து எழுத்துக் கற்றனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது; அந்த மாபெரும் முயற்சியில் அவ்வீட்டு வகுப்புக்கும் பங்குண்டு. 2022-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2025-இல் அவர் காலமானார்.

இங்கே ஊன்றி நோக்கவேண்டியது விருதையன்று, வகுப்பு நடந்த இடத்தையே. எழுத்தறிவுத் தொண்டர்கள் குறிப்பிட்டதொரு கட்டிடத்துக்கு நடந்து வந்தே தீரவேண்டும் என்று எவரேனும் விதித்திருந்தால், கேரளம் ஒரு நல்லாசிரியரை இழந்திருக்கும். பணியின் நோக்கம் மாறவில்லை. இடம் மட்டும் மாறிற்று.

மலைத்தொடருக்குக் கிழக்கே, தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் நிகழ்ந்ததும் இத்தகையதே. 1975-ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரையே அதற்கு இட்டார். தசைச் சிதைவு நோயுடைய தணிக்கையாளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கியது பல கிராமங்களுக்குச் சென்று பணியாற்றும் நிறுவனமாக வளர்ந்தது.

இத்தகைய பெரியோரின் வரலாற்றைச் சொல்லுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. மாற்றுத் திறனாளி என்றால் செயற்கரிய செயலைச் செய்து காட்டவேண்டும், இல்லையேல் வீட்டில் அடங்கியிருக்கவேண்டும் என்ற எண்ணம் பரவிவிடுகிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஊருக்காக உழைத்துவிட்டு வீடு திரும்ப விரும்பும் சாதாரண மனிதரைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

அவருக்கு என்ன வேலை உண்டு? 2008-ஆம் ஆண்டு கேரள அரசாங்கம் நோய்த்தணிப்புப் பணிக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. உள்ளாட்சி அமைப்புகளின் துணையுடன் செவிலியர் வீடு தேடிச் சென்று படுத்த படுக்கையாய் இருப்போரைக் கவனிக்கும் ஏற்பாடு அங்கே வேரூன்றியிருக்கிறது. முதுகெலும்பு அடிபட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் ஒருவர் அக்குழுவில் இருப்பாராயின், படுக்கைப்புண் வராமல் காப்பது எப்படி, இரண்டு மணிக்கு ஒருமுறை உடலைத் திருப்பிவிடுவது எங்ஙனம், அழுத்தம் விழும் இடங்கள் எவை என்பனவற்றைப் புதிதாக அடிபட்டவரின் வீட்டாருக்கு அவரைவிடத் தெளிவாக யார் கூற முடியும்? கண் தெரியாத ஒருவர் தொலைபேசி வாயிலாக, தனித்திருக்கும் முதியோரிடம் அவரவர் மொழியிலேயே நலம் விசாரிக்கலாம். மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்டறிந்து செவிலியருக்குச் சொல்லலாம். இது ஆறுதலுக்காக ஒதுக்கிக் கொடுத்த வேலையன்று. செய்யாமல் விட்டால் நோயாளி துன்புறுவார்.

மழைக்காலத்து எச்சரிக்கை இதனினும் முக்கியமானது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் மாண்டனர். தொலைபேசித் தொடர்பு அற்றிருந்தமையால் செய்தி வெளியே எட்டுவதற்கே பொழுது விடிந்தது. இத்தகைய மலைநாட்டில், ஒலிபெருக்கி அறிவிப்பு காது கேளாதவருக்கு எட்டுமா? பள்ளிக்கூட முகாமின் படிக்கட்டில் சக்கர நாற்காலி ஏறுமா? இவற்றை முன்கூட்டிச் சோதித்துச் சொல்லத்தக்கவர்கள் அவர்களே. அதே 2020-இல் கேரளம் அமைத்த சமூக சன்னத்த சேனை போன்ற தொண்டர் படைகளின் பயிற்சியில் அவர்களும் தொண்டர்களாகவே நிற்பார்களாயின், குறைகள் பேரிடருக்கு முன்னரே வெளிப்படும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நியாயமான வசதிகள் செய்து தரவேண்டும் என்கிறது. எனினும், சட்டம் எட்டாத தடை ஒன்றுண்டு. அது நம்முடைய அன்பு. “உனக்கு எதற்கம்மா சிரமம்?” என்று கூறி உட்கார வைத்துவிடுவதும், விழா நாளில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதும் அந்த அன்பின் விளைவுகளே. என்ன செய்ய விருப்பம், என்ன வசதி வேண்டும் என்ற இரண்டு கேள்விகளை அவரிடமே கேட்கவேண்டும். உடன்வந்த அண்ணனிடமோ அம்மாவிடமோ அன்று. ஒப்புக்கொண்ட வேலையை அவர் செய்யத் தவறினால், பிறரைக் கேட்பதுபோல அவரையும் கேட்கவேண்டும்.

மற்றவை சில்லறை ஏற்பாடுகளே. கூட்டத்தைத் தரைத்தளத்தில் வைக்கலாம். அறிவிப்பை மலையாளத்திலும் தமிழிலும் அச்சிடுவதோடு, படிக்க இயலாதவருக்காகக் குரலில் பதிந்து கைப்பேசியில் அனுப்பலாம். ஜீப்பின் படி உயரமாகையால் ஏறுவதற்கு ஒரு மரமுக்காலி வேண்டும். தேநீர்ச் செலவை எழுதும் கணக்கேட்டிலேயே அவருக்கும் துணைக்கு வருபவருக்குமான வண்டிச் செலவையும் எழுதிவிடலாம். மாலையில் தொடங்கும் கூட்டம் முடிவதற்குள் மலையில் இருட்டிவிடும், வண்டியும் கிடைப்பதரிது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே அனைவரும் வீடு சேரலாம்.