மருந்துப் பங்கு வாங்குமுன்...

கடையில் மிஞ்சும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடும் பழக்கம் வணிகர்களாகிய நம்மில் பலருக்கு வந்துவிட்டது. "புது மருந்து சோதனையில் வெற்றி" என்று செய்தி வந்ததும் அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கத் துடிக்கிறோம். அரிசி மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்காத நாம், அது எத்தனையாவது கட்டச் சோதனை என்று கேட்கிறோமா?

விலங்குகளிடம் சோதித்த பிறகே மருந்து மனிதர்களிடம் வருகிறது. முதல் கட்டத்தில் 20 முதல் 100 பேர். பெரும்பாலும் நல்ல உடல்நலம் உள்ளவர்கள். உடம்பு தாங்குமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதே இங்கு கேள்வி. இதில் வெற்றி என்றால் நோய் தீரும் என்று பொருளல்ல. இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகள். பலன் உண்டா என்பது இங்குதான் தெரியத் தொடங்கும். பெரும்பாலான மருந்துகள் விழுவதும் இங்குதான். மூன்றாம் கட்டத்தில் பல நூறு முதல் பல ஆயிரம் பேர். ஒரு பிரிவுக்குப் புது மருந்து, மறு பிரிவுக்குப் பழைய மருந்தோ வெறும் மாத்திரையோ கொடுத்து ஒப்பிடுவார்கள். அதன் பின்னரே அரசு அனுமதி. விற்பனைக்கு வந்த பின் நடக்கும் கண்காணிப்பு நான்காம் கட்டம். முதல் கட்டத்தில் நுழையும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது.

மூன்றாம் கட்டம் வரை வந்ததும் கவிழலாம். அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனம், நல்ல கொழுப்பை உயர்த்தும் டோர்செட்ராபிப் என்ற மருந்தைச் சுமார் 15,000 பேரிடம் சோதித்தது. புது மருந்தையும் சேர்த்து உட்கொண்ட பிரிவில் 82 பேரும், பழைய மருந்தை மட்டும் உட்கொண்ட பிரிவில் 51 பேரும் இறந்தது தெரிந்ததும், 2006 டிசம்பர் 2 அன்று சோதனை நிறுத்தப்பட்டது. அதுவரை ஆன செலவு சுமார் 80 கோடி டாலர். சந்தை திறந்த திங்களன்றே பங்கு விலை பத்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. வேறு பல சரக்கு இருந்ததால் ஃபைசர் தாங்கியது. ஒரே மருந்தை நம்பிய சிறு கம்பெனியாக இருந்தால்?

ஆகவே வாங்குமுன் கேட்போம்: எந்தக் கட்டம்? எத்தனை பேர்? எதனோடு ஒப்பிட்டார்கள்? விற்பனையில் வேறு மருந்து உண்டா? நம் நாட்டில் நடக்கும் சோதனைகளுக்கு 2007 முதல் பொதுப் பதிவேடு இருக்கிறது; யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கொள்முதல் பணத்தை மட்டும் இதில் போட வேண்டாம். போனாலும் கடை நடக்கும் என்கிற பணமே இதற்கு உகந்தது.